அடித்து எழுதிய தீர்மானம்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மே தினத்தன்று நடந்தது இது. என் கணவருக்கு நெய்வேலி மைன்ஸில் வேலை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். நான் பக்கத்து ஊரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். அந்த வருடம் கிராம சபைக்கு என்னைப் பற்றாளராகப் போட்டிருந்தார்கள். பெரிய பதவியெல்லாம் இல்லை. கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு, அறிக்கை அனுப்ப வேண்டும். எனக்கு வந்தது கம்மாபுரம் பக்கம் ஒரு சின்ன ஊர்.

அன்று மதியம் பக்கத்து குவார்ட்டர்ஸில் குழந்தைக்குக் காதுகுத்து. சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்ற நினைப்பிலேயே போனேன். ஊராட்சித் தேர்தல் நடக்காமல் தலைவர் இல்லாத நேரம் அது. ஊராட்சி செயலர் நல்ல மனிதர்தான். தீர்மானப் புத்தகத்தை நீட்டி, "எல்லாம் எழுதி ரெடியா இருக்கு மேடம். இப்பவே ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா உங்களுக்கும் வேலை மிச்சம்" என்றார். ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று எழுதியிருந்தது. கூட்டமே இன்னும் ஆரம்பிக்கவில்லை. நான் படிக்காமலேயே போட்டுவிட்டேன்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிக்கு மேல் நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்கள். செயலர் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் என்று வேகமாக வாசித்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் மட்டும் தீர்மானத்தின் எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவினார்.

நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தார். என் வயதுதான் இருக்கும். "சார், அஞ்சாவதுல என்னா எழுதிக்கினு வந்தீங்கன்னு படிச்சி சொல்லுங்க" என்றார்.

"சாதாரண விஷயம்தாம்மா."

"சாதாரணம்னா படிங்களேன்."

செயலர் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் புத்தகத்தை வாங்கி நானே படித்தேன். ஊருக்குத் தெற்கே இருக்கும் குட்டை பயன்பாட்டில் இல்லையென்றும், அதைத் தூர்த்து, மண் லாரி ஓட்டும் ஒரு தனியார் கான்ட்ராக்ட் கம்பெனிக்கு லாரி நிறுத்தக் கொடுக்கலாம் என்றும் எழுதியிருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

செயலர், "குட்டை காஞ்சி கெடக்குறத எல்லாரும்தானே பாக்குறோம்" என்றார்.

"மே மாசத்துல எந்தக் குட்டைல தண்ணி நிக்குது? ஐப்பசில வந்து பாருங்க" என்றார் அந்தப் பெண். "நூறுநாள் வேலைல அதுல மண்ணு வெட்டுனது நாங்க. பயன் இல்லாத குட்டைய எங்கள எதுக்குங்க வெட்டச் சொன்னீங்க?"

ஓரமாக நின்ற இளைஞர்களில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "லாரி வந்தா எங்களுக்கு வேலை வரும். அதையும் கெடுக்காதீங்க" என்றார்.

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினார். "எம்புள்ளைக்கும்தான் அங்க வேலை தர்றேன்னு சொல்லிக்கினு இருக்காங்க. எனக்கு மட்டும் வேணாமா? ஏற்கெனவே போர்ல தண்ணி எறங்கிக்கினே போவுது. அந்தக் குட்டையும் போச்சின்னா வேலைக்குப் போயிட்டு வூட்டுக்கு வந்து எதக் குடிப்பீங்க? ரோட்டோரமா ஊராட்சி மேட்டு நெலம் சும்மாத்தானே கெடக்குது. லாரிய அங்க நிறுத்தச் சொல்லுங்க."

கூட்டத்தில் சலசலப்பு. செயலர் என் பக்கம் குனிந்து, "கையெழுத்து ஆயிடுச்சு மேடம். கண்டுக்காம முடிச்சிடுவோம்" என்றார். அந்த நிமிடத்தை என்னால் மறக்கவே முடியாது. வாயைத் திறந்தால் என் தப்பு ஊர் முன்னால் வெளியே வரும். மேலிடத்திலிருந்து கேள்வி வரும். எங்களுக்குப் படிக்கிற வயதில் இரண்டு பிள்ளைகள். ஆனால் தன் பிள்ளையின் வேலையையே விட்டுக்கொடுக்கத் துணிந்தவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

எழுந்து நின்று சொன்னேன். "இதைப் படிக்காமலேயே நான் கையெழுத்துப் போட்டுட்டேன். என் தப்புதான்." எல்லாருக்கும் முன்னால் என் கையெழுத்தை அடித்தேன். ஐந்தாவது தீர்மானத்தையும் அடிக்கச் சொன்னேன். குட்டையைத் தூர்க்கக் கூடாது, லாரிக்கு மேட்டு நிலத்தைப் பரிசீலிக்கலாம் என்று செயலரையே புதிதாக எழுத வைத்து, உரக்கப் படித்து, கை தூக்கச் சொன்னேன். முதலில் பெண்கள் தூக்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கோபக்கார இளைஞரும் தூக்கினார்.

வீட்டுக்கு வரும்போதே மேலதிகாரி போனில் பிடித்துக்கொண்டார். விளக்கக் கடிதம் கேட்டார்கள். என் கணவர், "நடந்ததை அப்படியே எழுது. வர்றது வரட்டும்" என்றார். அப்படியே எழுதினேன். கண்டித்து ஒரு கடிதம் வந்தது. அதோடு முடிந்தது.

கம்பெனி பிறகு மேட்டு நிலத்துக்கே வந்தது, எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக. ஊர்ப் பையன்கள் சிலருக்கு வேலை கிடைத்தது. அந்தப் பெண்ணின் மகனுக்குக் கிடைக்கவில்லை. அவன் சேத்தியாத்தோப்பில் ஒரு டிராக்டர் பட்டறைக்குப் பஸ் ஏறிப் போய்வருவதாக, மழைக்காலத்தில் நான் அந்தப் பக்கம் போனபோது அவரே சொன்னார். வருத்தம் இல்லையா என்று கேட்டேன். "இருக்குதுங்க. இல்லாம எப்படி?" என்றவர், குட்டையைக் காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கரை தொட்டுத் தண்ணீர் நின்றது.

நம் நாட்டில் சட்டமெல்லாம் வெறும் பேப்பரில்தான் என்று யாராவது அலுத்துக்கொண்டால், அந்தப் பேப்பரைப் படிக்கச் சொல்லி ஓர் ஊரையே நிமிர வைத்த பெண்ணை எனக்குத் தெரியும், அவர் பேச்சைக் கேட்டு என் தப்பை நானே அடித்துத் திருத்தினேன் என்று இன்றும் பெருமையோடு சொல்லிக்கொண்டிருக்கிறேன்.