உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. சின்ன வயதிலேயே ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் ஓடினால்தான் உள்ளே இருப்பதும் வேலை செய்யும். அதில் கேட்டுக் கேட்டுத்தான் பேசவும் கற்றுக்கொண்டாள். அவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அந்த மெஷின் திடீரென்று செத்துப்போனது. புதிது வாங்க எங்களுக்கு வசதி இல்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கம்பெனியில் குடும்பத்துக்கே இன்சூரன்ஸ் உண்டு. மெஷினும் அதில் அடக்கம் என்பதால் நான் பெரிதாகப் பதறவில்லை.

இன்சூரன்ஸ்காரர்கள் போனில் கூப்பிட்டு, எப்படிப் பழுதானது என்று அவரிடம் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மனிதர் பிறந்து வளர்ந்தது இந்தக் கடற்கரையில். எங்கள் ஊரில் ஃபேன் நின்றாலும் உப்புக் காற்று, கேட் இற்றுப்போனாலும் உப்புக் காற்று. பைக் கிளம்பாவிட்டால் பெட்ரோல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள்.

"எல்லாம் உப்புக் காத்துதான் மேடம். இங்கன எந்தச் சாமான்தான் நிக்குது?" என்றார், விருந்தாளியிடம் ஊர்க்கதை பேசுவதுபோல.

அதைப் பதிவு செய்துகொண்டார்கள். துரு, ஈரத்தால் வரும் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று மெயில் வந்தது. "ஒங்கள யாரு இன்ஜினியர் வேல பாக்கச் சொன்னா?" என்று கத்தினேன். எல்லாரும் சொல்வதுதானே என்றார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

திருநெல்வேலிக்கு மெஷினைக் கொண்டுபோனேன். சர்வீஸ் இன்ஜினியர் என் கண் முன்னாலேயே திறந்தார். உள்ளே துரு இல்லை, ஈரம் இல்லை, போர்டு தானாகப் போயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்து அப்பீல் செய்தேன். ஒவ்வொரு தடவையும் போனில் ஒரு புதுக் குரல். ஒவ்வொரு குரலுக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். இதற்குள் மகள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பேசினால் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி வாயையே பார்ப்பாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

ஒரு மத்தியானம் அப்பீலைப் பார்க்கும் அதிகாரியே கூப்பிட்டார். அப்பா ஒன்று சொல்கிறார், இன்ஜினியர் ஒன்று சொல்கிறார், எதை நம்புவது என்றார். பிறகு, மெஷின் இல்லாமல் குழந்தைக்குக் கொஞ்சமாவது கேட்குமா, போனை அவளிடம் கொடுங்கள், விசாரித்து எழுத வேண்டும் என்றார்.

"கேக்காத பிள்ளகிட்ட போன்ல என்னத்த சார் விசாரிப்பிய?"

அதுதான் விதிமுறை என்றார். எரிச்சலோடு ஸ்பீக்கரைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். மெஷின் ஓடிய நாளில் அவளிடம் போனில் பேசிய ஒரே ஆள் அவளுடைய அப்பாதான். முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, எப்ப வாரிய? வரும்போது பப்ஸ் வாங்கிட்டு வாங்க."

"பாப்பா நல்லாத்தானே பேசுது மேடம்?" என்றார் அதிகாரி.

மகள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு, அப்பா பதில் சொல்வார் என்று காத்திருந்தாள்.