பன்னிரண்டு படமும் கொள்ளிடத்துத் தண்ணீரும்

மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லலாம், தண்ணீர்த் தொட்டியைச் சொல்ல முடியாது. ஊரைப் படம் எடுக்கிற வேலையில் முதல் கஷ்டம் இதுதான். கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு பிழைக்கும் நண்பர்களே, உங்களுக்குப் புரியும் என்றுதான் எழுதுகிறேன். நான் சிதம்பரத்தில் ஸ்டூடியோ வைத்துப் பதினைந்து வருஷமாகக் கல்யாணமும் காதுகுத்தும் எடுக்கிறவன். போன ஐப்பசியில் குமராட்சிப் பக்கம், கொள்ளிடக் கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். ஊரின் முக்கியமான இடங்களைப் படம் பிடித்துப் பொங்கலுக்குக் காலண்டர் போட வேண்டுமாம். மினிபஸ்ஸில் ஏறும்போதே கை பரபரத்தது.

பட்டியலில் ஒரு சுவர்

பஞ்சாயத்துத் தலைவர் ஐம்பது வயது அம்மா. நோட்டுத் தாளில் பன்னிரண்டு இடங்களை எழுதி வைத்திருந்தார். மாரியம்மன் கோயில், மாதா கோயில், மதகு, தண்ணீர்த் தொட்டி என்று போனது வரிசை. ஆனால் எல்லாவற்றுக்கும் முதலாக 'பள்ளிக்கூடச் சுவத்துக் கோடு' என்று இருந்தது.

போய்ப் பார்த்தேன். என் தலைக்கு மேல் அரை முழ உயரத்தில், சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு. சில வருஷங்களுக்கு முன் வந்த வெள்ளம் அதுவரை நின்றதாம். ஜனவரிக்கு வெறும் சுவரா என்று தயங்கி, கோயிலை முதலில் வைக்கலாமே என்று கேட்டேன். அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: “கோயிலு எல்லா ஊர்லயும் இருக்கு தம்பி. தண்ணி இவ்ளோ ஒசரம் வந்தும் அத்தன பேரும் உசுரோட இருக்கற ஊரு இதான்.”

கோட்டுக்குக் கீழே அஞ்சலை

சுவரை மட்டும் எடுத்தால் உயரம் தெரியாது. பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த அஞ்சலை என்ற பெண்ணைத் தலைவர் கூப்பிட்டு நிறுத்தினார். வெள்ளம் வந்தபோது அவர் நிறைமாத கர்ப்பிணி. வாழைமரத் தெப்பத்தில் படுக்க வைத்து இழுத்துப் போயிருக்கிறார்கள். மறுநாள் மேட்டுத்தெருவில் பெண் குழந்தை பிறந்தது.

நான் ஃபோகஸ் வைக்கும்போதெல்லாம் அஞ்சலை குதிகாலைத் தூக்கிக் கையை மேலே நீட்டினார். சும்மா நில்லுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பட்டனை அமுக்கினேன். காலண்டரின் முதல் படம் அதுதான் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. கையை இறக்கியபடி அஞ்சலை சொன்னார்: “அன்னிக்கு இந்தக் கோட்டுக்கு மேல மெதந்து போனேன் சார். இன்னிக்குக் கை எட்டுதான்னு பாத்தேன், எட்டுது.”

தொட்டிமேல்

தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர் கோவிந்தன். ஊரை மேலிருந்து எடுக்க வேண்டும் என்றதும், விடிகாலையில் தன்னோடு ஏணி ஏறச் சொன்னார். பாதி ஏணியில் கீழே பார்த்துவிட்டு, இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். மேலே போனதும் அந்த யோசனை போன இடம் தெரியவில்லை. முதல் நாள் மழையில் வானம் கழுவி விட்டதுபோல இருந்தது. ஒரு பக்கம் கொள்ளிடம், கீழே பச்சைப் பசேல் என்று நடவு வயல், வடகிழக்கே விரல் நகம் அளவுக்குச் சிதம்பரம் கோபுரங்கள். தினமும் நான் டீ குடிக்கிற ஊர் அது. இப்படித் தெரியும் என்று யார் கண்டது?

சின்னப் பிள்ளை மாதிரி கோவிந்தனின் தோளைப் பிடித்து உலுக்கிக் கோபுரங்களைக் காட்டினேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இருவது வருஷமா ஏறுறேன் சார். உள்ள தண்ணி எவ்ளோ இருக்குன்னுதான் பாத்திருக்கேன்.”

மணிச் சத்தம்

கரையில் இருக்கும் மாதா கோயிலை ஆற்றுக்குள்ளிருந்து எடுத்தால்தான் அழகு என்று பட்டது. கரையோரமாகக் கணுக்கால் அளவு ஓடிய வாய்க்காலைத் தாண்டி நடுமணலில் ஸ்டாண்டை ஊன்றினேன். மாலை வெயிலில் வெள்ளைக் கோயில் பொன்னாக மாறியது. அப்போது கோயில் மணி அடித்தது. பூசைக்கு என்று நினைத்து இன்னும் பத்துப் படம் எடுத்தேன்.

மணி நிற்கவே இல்லை. பிறகுதான் பார்த்தேன், ஆற்றில் மேய்ந்த மாடுகளை எல்லோரும் கரைக்கு விரட்டுகிறார்கள். திரும்பினால் வாய்க்கால் செந்நிறமாகப் பெருகிக் கிடந்தது. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இடுப்பளவில் கால் பிடி விட்டது. ஸ்டாண்டை விட்டேன், அது போய்விட்டது. கரையிலிருந்து பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தவர் கோவிந்தன்.

மேலே ஏறியதும் பயம் வரவில்லை நண்பர்களே, விரல்தான் துடித்தது. மாடுகள் கரையேற, பின்னால் ஆறு நிறைய, அத்தனையும் எடுத்தேன். பூசை மணி என்று நினைத்துவிட்டேன் என்றேன். மூச்சிரைத்தபடி கோவிந்தன் கேட்டார்: “பூசைக்கு யாராச்சும் இப்புடி அடிப்பாங்களா சார்? அடிச்சு அடிச்சு எனக்குக் கையே போச்சு.”

காலண்டர் வந்த நாள்

பொங்கலுக்கு முன்னால் பஞ்சாயத்து ஆபீஸில் காலண்டரைப் பிரித்தார்கள். அஞ்சலையின் மகள் ஜனவரியைத் தடவித் தடவிப் பார்த்தாள். மாடுகளின் படம் வந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் மாட்டுக்குப் பெயர் சொன்னார்கள். தலைவர் மட்டும் ஒவ்வொரு தாளாக டிசம்பர் வரை புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்: “எல்லா மாசமும் அழகாத்தான் இருக்கு தம்பி. அமாவாசை எங்க போட்டீங்க?”

ஆற்றுத் தண்ணீரிலிருந்துகூடத் தப்பித்துவிடலாம், காலண்டர் பார்க்கிறவர்களிடமிருந்து ஒரு போட்டோகிராபர் தப்பவே முடியாது.