ஆளு வருது

வண்டி நிலையத்துக்குள் முழுதாகத் திரும்பக்கூட இல்லை; அதற்குள் சுருளியாண்டியின் துண்டு உள்ளே போய்விட்டது. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். துண்டுக்குப் பின்னாலேயே அவர் குரலும் போகிறது: "ஆளு வருது!" அதற்கப்புறம்தான் ஆள். முண்டியடித்து ஏறுகிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. துண்டு போய்ச் சேர்ந்துவிட்டது, உடம்பு ஆற அமர வந்தால் போதும் என்று மீசையை நீவிக்கொண்டு கடைசி ஆளாக ஏறுவார்.

சொந்த ஊர் கோம்பை. வேலை தேனியில், ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் காயில் கட்டுவது. எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்கு நாள் முழுக்கச் செம்புக் கம்பி சுற்றிப் பழகிய கை. இருபத்தாறு வருடமாகக் காலையும் மாலையும் பஸ். அவருடைய வலது கை இடது கையைவிடச் சற்று நீளம் என்று கூடப் போகிறவர்கள் சத்தியம் செய்கிறார்கள். அளந்து பார்க்க அவர் விட்டதில்லை.

சீட்டு போடுவதற்கு அவரிடம் சட்டதிட்டம் உண்டு. "கைக்குட்டை போட்டா அரைச் சீட்டு. எவனாச்சும் நவுத்திட்டு உக்காந்துருவான். துண்டு போட்டாத்தான் முழுச் சீட்டு. குடையப் போட்டோம்னு வையி, பக்கத்துச் சீட்டும் நமக்குத்தான்." அவசரத்துக்கு அவர் போட்ட பொருள்களில் டிபன் கேரியர் மூடி, ஒரு முழுக் காலிஃபிளவர், இடது கால் செருப்பு எல்லாம் சேர்த்தி. செருப்பு போட்ட அன்றைக்கு மட்டும் உள்ளே லேசாகக் கைகலப்பு. "செருப்புன்னா என்ன, அதுவும் நம்ம பொருளுதான?" என்று இன்றைக்கும் கேட்கிறார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் சொல்லத்தான் யாரும் முன்வரவில்லை.

இத்தனை பாடுபட்டுப் பிடித்த சீட்டில் அவர் உட்காருவார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். உத்தமபாளையம் வரை போகும் ஜெபஷீலா டீச்சருக்கு முதுகுவலி. பெரும்பாலும் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். நீங்களும் உட்காரலாமே என்று டீச்சர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "புடிக்கிறதுலதான் டீச்சர் ருசி. உக்கார எவனும் உக்காருவான்" என்றார்.

அகலப் பாதை போட்டு ரயில் மறுபடியும் ஓட ஆரம்பித்தபோது தேனியே திரண்டு போய்ப் பார்த்தது. இவரும் போனார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வரிசை வரிசையாகச் சீட்டு சும்மா கிடந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர், "எங்கன வேணாலும் உக்காரலாமாம்ல. அதெல்லாம் ஒரு பயணமா?" என்று கடையில் சொல்லிவிட்டு, காயில் கட்ட உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய இந்த வீரதீரம் துளியும் பிடிக்காத ஒரே ஆள் மகள் யுவராணி. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு ஒரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தவள். போன மாதம் மதுரை ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஞாயிறு மத்தியானமே கிளம்பி மதுரையில் சித்தி வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. கிளம்பும்போது யுவராணி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"யப்பா, அந்தத் துண்ட மட்டும் வீட்டுல வச்சிட்டு வாங்க. ஒரு நாளைக்காச்சும் மத்தவுக மாதிரி பஸ் ஏறுவோம்."

பெற்ற மகள் கேட்கிறாள், என்ன செய்வது? துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் புறப்பட்டார். பாவம், சட்டை போடாமல் தெருவில் இறங்கிவிட்டவர் மாதிரி கூசிக் கூசி நடந்தார்.

தேனி பேருந்து நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். யுவராணி சான்றிதழ்கள் இருந்த பச்சை ஃபைலை அப்பா கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். "பத்திரம்ப்பா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த நேரம் பார்த்து, நெற்றியில் 'மதுரை' என்று பலகை மாட்டிய பஸ் ஒன்று வளைந்து உள்ளே வந்தது. நூறு பேர் ஓடினார்கள். சுருளியாண்டியின் கை தோளுக்குப் போனது. தோளில் துண்டு இல்லை. மூளை ஏதாவது யோசனை சொல்வதற்குள் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். "ஆளு வருது!"

பிறகு வழக்கம்போல மீசையை நீவிக்கொண்டு கடைசி ஆளாக ஏறப் போனார்.

"யோவ், இது மதுரையில இருந்து வர்ற வண்டிய்யா! போடி போகுது, போடி! பலகைய இன்னும் மாத்தலை!" என்று கண்டக்டர் உள்ளேயிருந்து கத்தினார். ஏறிய கூட்டம் அப்படியே திரும்பி இறங்கியது. காத்திருந்த போடிக் கூட்டம் ஏறியது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய சுருளியாண்டி உருண்டு புரண்டு, ஒரு பழக்கடை வாசலில் வாழைத்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்து பார்த்தால் வண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. கத்திக்கொண்டே ஓடினார், ஹாரன் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

யுவராணி பாட்டிலோடு வந்தாள்.

"ஃபைலு எங்கப்பா?"

"பத்திரமா இருக்கு ஆத்தா. சீட்டுல."

"எந்தச் சீட்டுல?"

"மூணாவது வரிசை. ஜன்னலோரம்." அந்த நிலைமையிலும் இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"எந்த பஸ்ஸுல?"

சுருளியாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு, "போடிக்குப் போகுதாம்" என்றார்.

யுவராணி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் துணிப்பையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். "எல்லாமே ஒரிஜினல்ப்பா. நாளைக்கு ஒம்பது மணிக்கு நான் எதைக் காட்டுவேன்?" வாழ்நாளில் முதன்முறையாகத் தன் வலது கையை வெட்டிப் போட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த போடி பஸ்ஸில் ஏறினார்கள். அதில் சீட்டு காலியாக இருந்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "போட்ட சீட்டுல எவனும் கை வைக்க மாட்டான்த்தா. நம்ம பக்கத்துல அது நடக்காது" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது வண்டி போடிக்குள் நுழைந்திருந்தது, அவருக்கே அதில் நம்பிக்கை போயிருந்தது.

முந்திய வண்டி ஓரமாக நின்றது. உள்ளே யாரும் இல்லை. மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் பச்சை ஃபைல் மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது. யுவராணி பாய்ந்து எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். எல்லாம் இருந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் கிளாஸை வைத்துவிட்டு வந்தார். "நீருதானா அந்த ஆளு? அம்பது பேரு நின்னுக்கிட்டு வந்தாகய்யா! ஒருத்தர் உக்காரலை. முருங்கைக்காக் கட்டோட ஒரு ஆத்தா தள்ளாடுது. உக்காரு ஆத்தாங்குறேன். 'ஆளு வருதுன்னு போட்டிருக்காக. அவுக வந்து திட்டுனா நீயா பதில் சொல்லுவ?'ன்னு என்னையக் கேக்குது. கடைசி வரைக்கும் உக்காரலையே!"

"பாத்தியா ஆத்தா" என்று மகள் பக்கம் திரும்பினார் சுருளியாண்டி. அவள் முறைத்த முறைப்பில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

மதுரைக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார்கள். "இன்னைக்கு பஸ்ஸ நம்பாதீக. சாயங்கால ரயிலு நிக்கும், ஆட்டோவப் புடிச்சு ஓடுங்க" என்றார் கண்டக்டர். ரயில் என்றதும் சுருளியாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லும் தகுதியை இன்றைக்கு இழந்துவிட்டோம் என்று நினைவு வந்து பேசாமல் ஆட்டோவில் ஏறினார்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. கடைசிப் பெட்டியில் மூன்றே பேர், அதில் ஒருவர் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் காலி. யுவராணி ஏறப் போனவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா நடைமேடையிலேயே நின்றிருந்தார். முண்டுகிறவர் இல்லை, போட்டி இல்லை, பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. அவர் கை தோளுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், மெதுவாகக் கீழே இறங்கியது. தேனியிலிருந்து அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு கையைப் பார்த்ததும் யுவராணிக்கு எங்கே போனது என்றே தெரியவில்லை.

ஃபைலை இடது கக்கத்தில் இறுக்கிக்கொண்டாள். கழுத்தில் கிடந்த ஷாலை உருவிச் சுருட்டி, முன்னாலிருந்து மூன்றாவது ஜன்னலைக் குறிபார்த்துக் கம்பிகளுக்கு நடுவே எறிந்தாள். பிறகு, தூங்கிக்கொண்டிருந்தவர் பதறி எழுந்து உட்காரும்படி, காலிப் பெட்டியைப் பார்த்துக் கத்தினாள்:

"ஆளு வருது!"