முத்திரை மூலையில் ஒரு முடிச்சு

விரிப்பை உதறி மடியில் போட்டுக்கொண்டதும் ஐயோக்கா முதலில் கதவைப் பார்ப்பாள். அப்புறம் கூரையைப் பார்ப்பாள். அங்கே வியர்த்து வடியும் குழாய்களைத் தவிர ஒன்றும் கிடையாது, ஆனாலும் பார்ப்பாள். யாரும் இல்லை என்று உறுதியான பிறகு இடது புறங்கையால் துணியை ஒரு தடவு தடவி, கன்னத்தோடு ஒரு நொடி சேர்த்து வைத்துக்கொள்வாள். உலர்த்தும் இயந்திரத்தின் சூடு அதில் இன்னும் மிச்சம் இருக்கும். முகம் மலரும். மலர்ந்த வேகத்திலேயே, "ஐயோ" என்பாள்.

அந்த ஐயோதான் அவளுக்குப் பெயராகி ஒட்டிக்கொண்டது. மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத சலவைக்கூடத்தில், எட்டுப் பெண்களில் அவள் மூத்தவள். கூடத்துத் தொலைபேசி அடித்தால், "ஐயோ, யாருக்கு என்னவோ." அடிக்காவிட்டால், "ஐயோ, என்ன இது, சத்தத்தையே காணோம்?" ஒருநாள் மற்றவர்கள் பேசி வைத்துக்கொண்டு, "அக்கா, இன்னிக்கு ஒரு வம்பும் இல்ல, எல்லாம் நல்லா போச்சு" என்றார்கள். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, அப்ப நாளைக்குச் சேத்து வச்சிருக்கு" என்றாள். சிரிப்பு அடங்கக் கால் மணி நேரமாயிற்று. சிரித்தவர்களையும் அவள்தான் அடக்கினாள்: "போதும்டி, ரொம்பச் சிரிச்சா அழணும்."

இந்தப் பாடத்தை அவளுக்கு ஊட்டியவள் அவளுடைய தாய். தாய்க்கு ஊட்டியவர்கள் யார் என்று கேட்டால் பதில் வராது. மாளிகையில் இருப்பவன் சிரிக்கும்போது யாரும் அழுகையைச் சொல்லிப் பயமுறுத்துவதில்லை. பிறர் அழுக்கைத் துவைத்துப் பிழைப்பவள் கொஞ்சம் பல் தெரியச் சிரித்துவிட்டால் மட்டும் எங்கோ ஒரு தண்டனை தயாராகிறதாம். தன் சந்தோஷத்தைக் கண்டே பயப்படுகிறவள் வேறு எதையும் எதிர்த்துக் கேட்கமாட்டாள். யாருக்கு வசதியான ஏற்பாடு இது!

இடக்கை விவகாரமும் அப்படித்தான். அவள் இடக்கைக்காரியாகப் பிறந்தாள். ஆறு வயதில் வகுப்பு ஆசிரியை அந்தக் கையை நாற்காலி முதுகோடு ரிப்பனால் கட்டிப்போட்டாள். "பீச்சாங்கையால எழுதுனா படிப்பு எப்படி வரும்?" என்று கேள்வி வேறு. ஒரே உடம்பு, ஒரே ரத்தம். அதில் வலது பக்கம் உயர்வு, இடது பக்கம் இழிவு! மனிதரை மேல் கீழ் என்று பிரித்துப் பழகிய புத்தி ஒருத்தியின் இரண்டு கைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. அன்றிலிருந்து எழுதுவது, உண்பது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலக்கை. ஊருக்கு முன்னால் இடக்கை சும்மா தொங்கும்.

ஊர் பார்க்காதபோது அது விழித்துக்கொள்ளும். சலவை இயந்திரக் கதவின் ஆவி படிந்த வட்டக் கண்ணாடியில் ஒரு மீன் வரைந்து உடனே அழித்துவிடும். தலையணை உறையைத் திருப்பும்போது மூலைக்குள் விரலை விட்டு ஒரு சுண்டு சுண்டும். மூலை 'டப்' என்று வெளியே குதிக்கும். ஜோடி தொலைந்த காலுறை ஒன்று மூன்று வாரம் கழித்து அதன் துணையோடு சேர்ந்த அன்று, இரண்டையும் சேர்த்துச் சுருட்டியது அந்தக் கைதான். அவளுடைய சின்னச் சின்ன சந்தோஷங்கள் அத்தனையும் இடக்கையின் கணக்கில்தான் நடக்கும்.

அவற்றில் தலையாயது விரிப்பு. புது விரிப்பு விறைப்பாக, அட்டைபோல இருக்கும். இருநூறு முந்நூறு சலவை கண்ட பிறகுதான் துணி தன் முரட்டுத்தனத்தை மறக்கும். அதற்கும் கிழிசலுக்கும் நடுவில் சில மாதங்கள் உண்டு. அந்த நேரத்து விரிப்பைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது, தொட்டால்தான் தெரியும். "குழந்தைக் கன்னம் மாதிரி இருக்கும்" என்பாள். அப்படி ஒன்று சிக்கினால், மருத்துவமனை முத்திரை குத்தியிருக்கும் மூலையில் இடக்கையால் ஒரு முடிச்சுப் போட்டுத் தனியே வைப்பாள். மறுநாள் காலையில் முடிச்சை அவிழ்த்து, மடித்து, குழந்தைகள் பிரிவுக்குப் போகும் வண்டியில் மேலாக அடுக்குவாள். "புதுசு பிள்ளைங்களுக்குக் குத்தும். தையல் போட்ட உடம்பு, பாவம்." இதை யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. எந்தப் பிள்ளை எதில் படுத்தது என்று அவள் பார்த்ததும் இல்லை.

சலவைக்கூடத்தில் முடிச்சுக்கு வேறொரு பொருளும் உண்டு. கிழிந்த விரிப்பில் ஒரு மூலையை முடிந்து போட்டால், அது கழிவு. துடைப்புத் துணிக்கு வெட்டலாம். அந்த முடிச்சு எப்போதும் முத்திரை இல்லாத மூலையில் விழும். முத்திரை மூலையில் முடிச்சு என்றால் ஐயோக்காவின் செல்லம். எங்கும் எழுதி ஒட்டாத இந்த வித்தியாசம் எட்டுப் பேருக்கும் தெரியும். புதிதாக வந்த மேற்பார்வையாளருக்குத் தெரியாது.

போன மாதம் பல் பிடுங்க அவள் ஒருநாள் விடுப்பு எடுத்தாள். முதல்நாள் முடிந்துவைத்த பதினேழு விரிப்புகள் அலமாரியில் இருந்தன. மேற்பார்வையாளர் பார்த்தார். "கழிவை எதுக்கு இங்க அடுக்கி வச்சிருக்கீங்க? வெட்டுங்க." கொக்கு என்று எல்லோரும் கூப்பிடும் உயரமான இளம்பெண் பக்கத்தில் நின்றாள். "சார், இது வந்து..." என்றாள். "வெட்டுன்னா வெட்டும்மா." வெட்டினாள். மறுநாள் குழந்தைகள் பிரிவில் விரிப்புத் தட்டுப்பாடு. தலைமைச் செவிலி கீழே இறங்கி வந்து, கழிவுக் கூடையில் கிடந்த துண்டுகளை எடுத்துப் பார்த்து, "இதுல கிழிசல் எங்க?" என்று கேட்டார்.

ஒரு விரிப்பை விரித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். உத்தரவு போட்டவர் அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. ஆனால் விசாரணை அவர் கையில். "நல்ல துணியில முடிச்சுப் போட்டது யாரு? நாளைக் காலையில ஆள் தெரிஞ்சாகணும். தெரியலைன்னா வெட்டினவ வீட்டுக்குப் போகலாம்."

அந்த வாரம்தான் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வாரம். ஐயோக்கா பதினான்கு வருடமாகத் தற்காலிக ஊழியர். வருடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு அடுத்த வருடம்.

கழிப்பறை வாசலில் கொக்கு அவளை மடக்கினாள். "வாயைத் திறந்துடாதீங்கக்கா. எனக்கு வயசிருக்கு, வேற எங்கயாவது பொழச்சுக்குவேன். உங்களை இனிமே யாரு எடுப்பா?"

"ஐயோ, உன் பிள்ளைக்குப் பால் யாருடி வாங்குவா?"

"அதுக்கு எங்கம்மா இருக்காங்க. நீங்க கையைக் காலை உதறாம இருங்க, அது போதும்."

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. பல் பிடுங்கிய இடம்தான் காரணம் என்று தண்ணீர் லாரி ஓட்டும் கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் நம்பவில்லை. கதையைக் கேட்டுவிட்டு, "விரிச்சுப் பாக்காம வெட்டச் சொன்னவன் அவன். குத்தவாளி நீங்களா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறானே!" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததுமே வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இதுக்குத்தாங்க. அந்தத் துணிய கன்னத்துல வச்சுக்கிட்டேன் பாருங்க, அதுக்குத்தான் இது." அவன் எழுந்து போய்த் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். "துணி சூடா இருந்துச்சா?" "இருந்துச்சு." "அப்ப அதுக்கு இது எப்படி விலையாகும்? சாப்புடு."

காலையில் எட்டுப் பேரும் மேசைக்கு முன் வரிசையாக நின்றார்கள். மேசைமேல் ஒரு துணித்துண்டு, முடிச்சோடு. வெட்டியபோது தப்பிய முத்திரை மூலை அது. ஐயோக்கா வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்: "நான்தான் சார் போட்டேன்." இப்போது வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கொக்கின் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கொக்கு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதைப் பாருங்க" என்றார் மேற்பார்வையாளர். "முடிச்சு முறுக்கு ஒருமாதிரி தலைகீழா இருக்கு. ஆளுக்கு ஒரு துண்டு தரேன். போட்டுக் காட்டுங்க."

துண்டுகள் கை மாறிக் கை மாறி வந்தன. ஒவ்வொருத்தியும் முடிந்தாள், நீட்டினாள், அவர் மேசைமேல் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார். கொக்கின் முடிச்சும் சேரவில்லை. அவர் முகம் கடுத்தது. "ஆள் சிக்கலைன்னா நான் சொன்னது சொன்னதுதான்." கடைசித் துண்டு ஐயோக்காவிடம் வந்தது.

வலக்கையால் போட்டால் முடிந்தது. ரிப்பனால் கட்டிப் பழக்கிய வலக்கை. அது போடும் முடிச்சு மற்ற ஏழு பேரின் முடிச்சு மாதிரியே அச்சாக இருக்கும். அடுத்த வருடத்துக்கான கையெழுத்தும் விழும்.

"சீக்கிரம்மா. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

துண்டு வலக்கையில்தான் இருந்தது. அவள் கதவைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்க்கவில்லை. வலக்கையிலிருந்து துண்டை இடக்கைக்கு மாற்றினாள். துணி பட்டதும் விரல்கள் தாமாகவே வேலையைத் தொடங்கின. ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முடிச்சின் வால் தலைகீழாகத் திரும்பி நின்றது. அதை மேசையில் வைக்காமல், இடக்கையாலேயே அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.