டோக்கன் அத்தானும் நாலு சக்கரமும்

என் அக்காவின் கணவரை எங்கள் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டோக்கன் என்றால்தான் தெரியும். ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டி படுக்கைகளை வாங்கி வைத்துக்கொண்டு, எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைக் கொடுத்து அனுப்பும் கவுன்ட்டரில்தான் அவர் பாதி ஆயுசைக் கழித்தார். எனக்கு அவர் அத்தான். கோபம் வந்தால் நானும் டோக்கன் என்று வாய்விட்டே சொல்லிவிடுவேன். எனக்குக் கோபம் அடிக்கடி வரும்.

வேலை அவர் உடம்பில் ஊறிப்போயிருந்தது. கதவைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போவார், பாதியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். நான் அவர்களுக்கு மேல் மாடியில் இருக்கிறேன். என்னிடம் ஒரு கத்தரிக்கோல் வாங்கிப் போனால்கூட, தன் குடையை என் வீட்டு வாசலில் அடமானமாக வைத்துவிட்டுத்தான் போவார். கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்ததும் குடையை எடுத்துக்கொள்வார். குடை வேண்டாம், சும்மா எடுத்துப் போங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவர் காவலில் ஒரே ஒரு பெட்டிதான் காணாமல் போயிருக்கிறது. தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் யாரோ கைவரிசையைக் காட்டிவிட்டார்கள். பெட்டிக்குச் சொந்தக்கார அம்மாள் கத்தவில்லை, புகார் எழுதவில்லை. வில்லையைக் கவுன்ட்டர் மேல் வைத்துவிட்டு, பெட்டி எப்படியும் வந்துவிடும் என்பது போலச் சாயங்காலம் வரை நின்றார். "திட்டியிருந்தாங்கன்னா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்" என்று அத்தான் என்னிடம் ஒரு தடவை சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்றதும் கையில் வந்த பணத்தில் ஒரு புதுக் கார் வாங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது. வாங்கியது மகளுக்காக. அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவள். கணவனுக்குக் கப்பலில் வேலை. அதனால் அவளும் அவள் மகள் குட்டியும் அத்தானோடுதான் இருந்தார்கள். மழையில் ஸ்கூட்டர் வழுக்கி, ரத்தம் எடுத்து வைத்த குப்பிகள் தெருவெல்லாம் சிதற அவள் விழுந்து கிடந்ததைப் பார்த்த நாளில்தான் அத்தான் கார் வாங்குவது என்று முடிவு செய்தார். காலையில் குட்டியையும் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்புவாள். வழியில் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவாள். அத்தான் வாசலில் நின்று, கார் முனை திரும்பும் வரை பார்ப்பார். அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் நிஜமானது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. ஒரு நாள் விடிந்தபோது, எதிர் வீட்டுப் பல் டாக்டரின் கார் செங்கல் அடுக்குகளின் மேல் நின்றது. சக்கரம் ஒன்றுகூட இல்லை. மனிதர் அதைக் கவனிக்காமல் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகி, கியர் போட்டு, வண்டி ஏன் நகரவில்லை என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தார். பால் வாங்கப் போன நான்தான் கண்ணாடியைத் தட்டிச் சொன்னேன். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து செங்கற்களைப் பார்த்தார். நேராக, கோணாமல், பொறுமையாக அடுக்கியிருந்தார்கள்.

"தொழில் தெரிஞ்சவன்" என்றார். அந்தக் குரலில் பயத்தோடு கொஞ்சம் மரியாதையும் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாளே பூட்டு நட்டு வாங்கி வந்தார். ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட்டு. அதில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதற்கென்று செய்த சாவி இருந்தால் மட்டுமே திரும்புகிற நட்டைப் போட வேண்டும். போட்டார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் சக்கரத்தை விளக்குக் கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டார். அது தெரியாமல் மகள் வண்டியை எடுக்க, கம்பம் ஆடித் தெரு விளக்கே அணைந்துபோனது. சங்கிலியை அக்கா பிடுங்கி ஒளித்து வைத்தாள். அவரிடம் மீதி இருந்தது ஸ்பேனர் ஒன்றுதான்.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. பொழுது சாய்கிற நேரத்தில் ஸ்பேனரோடு கீழே இறங்குவார். அதன் பிடியில் ஆள் உயரத்தில் பாதி நீளமுள்ள ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகுவார். ஒவ்வொரு நட்டாக மாட்டி, குழாயின் நுனியில் ஏறி நின்று, தன் முழு எடையையும் போட்டு இறுக்குவார். கிரீச்சென்று ஒரு ஓசை கிளம்பும். என் பல் கூசும். ஜன்னலை மூடினாலும் கேட்கும். தினமும் அப்படித்தான்.

நான் இருமல் மருந்தைப் பாட்டிலில் அடைக்கும் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறவள். மூடி முறுக்கும் இயந்திரம் அளவுக்கு மேல் முறுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மூடி நன்றாக இறுகினது போலத்தான் இருக்கும். லாரியில் ஏற்றின பிறகுதான் கசியத் தொடங்கும். அத்தானிடம் இதைச் சொன்னேன். இரும்பும் அப்படித்தான், இழுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் விட்டுப்போகும் என்றேன்.

"லேசா இருந்தா அவனுக்கு ஒரு நிமிஷ வேலைம்மா. அவன் வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கணும். அவ்வளவு நேரம் எந்தத் திருடனும் உக்கார மாட்டான்" என்றார். நான் சொன்னது காதில் ஏறவே இல்லை. இப்போதெல்லாம் அவர் வீட்டு மனிதர்களோடு பேசுவதைவிட அந்தத் திருடனோடுதான் அதிகம் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அவன் எப்படி வருவான், எந்தப் பக்கம் உட்காருவான், எதைப் பார்த்தால் திரும்பிப் போவான் என்று சாப்பிடும்போதுகூட அதே பேச்சு.

ஒரு நாள் கிரீச்சுக்குப் பதில் வேறு சத்தம் கேட்டது. டக்கென்று, காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தது போல. எட்டிப் பார்த்தேன். குழாய் தரையில் கிடந்தது. அத்தான் முன் சக்கரத்தருகே குந்தியிருந்தார். எதையோ பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். என்ன உடைந்தது என்று மேலிருந்து கேட்டேன். ஒன்றும் உடையவில்லை, நன்றாக இறுகிவிட்டது என்றார்.

கொஞ்ச நேரத்தில் என் வாசலில் வந்து நின்றார். இரும்பையே ஒட்டுகிற பசை என்னிடம் ஒரு குழல் இருந்தது. அதைக் கேட்டார். செருப்பு அறுந்துவிட்டதாம். கொடுத்தேன். குடையை வைத்துவிட்டு இறங்கினார். படியில் அவர் செருப்பைப் பார்த்தேன். இரண்டும் ஒழுங்காகவே இருந்தன.

பசை திரும்பி வரவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. வாங்கின பொருளை மறுநாள் வரை வைத்திருக்கிற ஆள் இல்லை அவர். மழை வந்தது. நனைந்துகொண்டே கடைக்குப் போய் வந்தாரே தவிர, குடையைக் கேட்டு வரவில்லை. மாலையில் கிரீச் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. முன்னைவிட நீளமாகக் கேட்டது. நடுநடுவே அந்த டக்கும் கேட்டது.

இதற்குள் மகள் என்னிடம் வந்து, "சித்தி, ஸ்டியரிங் கையில நடுங்குது" என்றாள். அப்பாவிடம் சொன்னால் ரோடு சரியில்லை என்கிறாராம். நான் பார்த்ததையும் கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னேன். முதல் வேலையாகச் சக்கரத்தைக் கழற்றிக் காட்டு என்று விரட்டினேன். அவளும் அன்றைக்கே பணிமனைக்குப் போனாள். அத்தானும் கூடவே தொற்றிக்கொண்டார். பணிமனைக்காரர்கள்தான் திருடனுக்குத் துப்புக் கொடுக்கிறார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அதை அவர் அப்படியே நம்பினார்.

அங்கே மெக்கானிக் பூட்டு நட்டின் சாவியைக் கேட்டிருக்கிறார். அது வீட்டில் இருக்கிறது, மறந்து வந்துவிட்டேன் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். சாவி இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற முடியாது. சக்கரத்தைத் தொடாமல் எண்ணெய் மாற்றி, காற்று பார்த்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சாவியோடு வருவதாக மகள் சொல்லிவிட்டு வந்தாளாம். அக்கா இதை என்னிடம் சொன்னபோது எனக்கு எங்கோ இடித்தது. கழுத்தைவிட்டு இறங்காத சாவி வீட்டில் எப்படி இருக்கும்?

விடிந்ததும் குடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். பசையை வாங்குகிற சாக்கில் உண்மையைக் கறந்துவிடுவது என்று முடிவோடு போனேன். மகளும் குட்டியும் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார்கள். பள்ளியில் குட்டியை விட்டுவிட்டு நேராகப் பணிமனைக்குப் போகிறேன், அப்பா சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடட்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளம்புகிற அறிகுறியே இல்லை. பசை எங்கே என்றேன். மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். குழல் தட்டையாகப் பிதுக்கப்பட்டு வெறும் தோலாக இருந்தது.

எத்தனை செருப்பு ஒட்டினீர்கள் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் வைத்துப் பேசுவார்.

"அப்பா, சக்கரம் போயிடுச்சுப்பா."

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். "எங்க நிறுத்தியிருந்தே? எவன் எடுத்தான், பாத்தியா?"

"நிறுத்தலைப்பா" என்றாள் அவள். "ஓட்டிட்டிருந்தேன்."

அக்கா சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை, குழந்தை என்று அவள் கேட்டது எங்கள் இருவருக்கும்தான் கேட்டது. போன் ஏற்கெனவே அணைந்திருந்தது.

வாடகைக் கார் பிடித்துப் போனோம். வாயைத் திறந்தால் என்ன சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

மேம்பாலம் இறங்கும் சரிவில் கார் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. முன் பக்கம் தார் ரோட்டைக் கீறிக்கொண்டே வந்து தடுப்புச் சுவரில் முட்டி நின்றிருந்தது. மகள் ஓரத்தில் நின்றாள். குட்டி அவள் இடுப்பில் இருந்தாள். குட்டியின் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். உயிரோடு இருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நடந்ததை மகள் என்னிடம் சொன்னாள். சரிவில் இறங்கும்போது குட்டிதான் முதலில் பார்த்தாளாம். "அம்மா, யாரோட சக்கரமோ ஓடுது பாரு" என்று கை தட்டினாளாம். மகளும் யாருடையதோ என்றுதான் பார்த்தாள். அடுத்த நொடி கார் தரையில் விழுந்தது. சக்கரம் நிற்காமல் உருண்டு போய்ப் பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சை இரண்டாக உடைத்துப் போட்டிருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்போதுதான் பேருந்தில் ஏறிப் போயிருந்தார்கள்.

அத்தான் சக்கரம் இல்லாத இடத்தைப் பார்க்கக் குனிந்தார். கழுத்துக் கயிறு சட்டைக்குள்ளிருந்து நழுவி, சாவி வெளியே வந்து ஆடியது. மகள் அதைப் பார்த்தாள். அவர் அவசரமாக உள்ளே தள்ளினார்.

அவள் குட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் பின் சக்கரத்தருகே போய் உட்கார்ந்தாள். நட்டுகளுக்கு மேல் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிகள் வரிசையாக, புதுசு போலப் பளபளத்தன. ஒன்றை நகத்தால் நெம்பினாள். கழலவில்லை. அடுத்ததையும் நெம்பினாள். மூடியோடு சேர்ந்து நட்டும் கையோடு வந்தது. நட்டுக்குள் ஒடிந்த போல்ட்டின் துண்டு. சுற்றிலும் காய்ந்த பசை. அவள் எழுந்து மறுபக்கம் போனாள். அங்கேயும் ஒன்று வந்தது. முன் பக்கத்தில் மீதி இருந்த சக்கரத்தில் இரண்டு வந்தன. எல்லாவற்றையும் காரின் முன் மூடி மேல் அவர் எதிரில் வரிசையாக வைத்தாள்.

"நட்டு குறையுதுன்னு திருடனுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதாம்மா ஒட்டி வச்சேன்" என்றார் அத்தான். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எனக்கும் தெரியலையேப்பா" என்றாள் அவள்.

அவள் திட்டவில்லை. குட்டியை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.