பதினோராம் சீட்டு மைக்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. இது என் அத்தானுக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில். பேய் என்றாலே வயிறு வலிக்கச் சிரிக்கிற மனிதர் அவர்.

இன்டர்நெட் வழியாகப் போன் பேசும் கால் சென்டர் ஒன்றில் அவர் டெக்னீஷியன். ஒரு சனிக்கிழமை, பதினோராம் சீட்டில் உட்காரும் பெண் அழாத குறையாக அவரிடம் வந்தாள்.

"அண்ணா, நான் பேசும்போது பின்னாடி யாரோ முனகுறாங்களாம். கஸ்டமருங்க போனை வச்சிடுறாங்க. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேலை இல்லைன்னுட்டாங்க."

"மைக் இரைச்சலா இருக்கும்மா. நாளைக்கே பார்த்துடுறேன்."

ஞாயிறு மதியம் 2.10. ஆபீசில் ஈ காக்கை இல்லை. கீழே வாட்ச்மேன் மட்டும். வேறு சத்தம் குழப்பக் கூடாது என்று ஏசியையும் அணைத்தார். டெஸ்ட் நம்பருக்கு டயல் செய்தார். நாம் பேசுவதைப் பதிவு செய்து நமக்கே திருப்பிப் போட்டுக் காட்டும் நம்பர் அது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு" என்றார்.

பீப்.

அவர் குரலே திரும்ப வந்தது. ஒண்ணு... ரெண்டு... மூணு...

"நாலு."

பெண் குரல். தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல.

வேறு லைன் கலந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஹெட்செட்டை மாற்றினார். யுஎஸ்பி சொருகும் இடத்தை மாற்றினார். பத்தாம் சீட்டில் சோதித்தார். அங்கே சுத்தமாக இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கி வந்து பதினொன்றில் வைத்தார்.

2.34.

ஒண்ணு... ரெண்டு... மூணு...

"நாலு... அஞ்சு..."

இந்த முறை மைக் ஒயரையே பிடுங்கினார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொள்ளலாம். வாயே திறக்கவில்லை.

2.41. பீப்.

"ஒண்ணு..."

அவர் குரல் இல்லை.

"ரெண்டு... மூணு... நாலு..."

மெதுவாக.

"அஞ்சு... ஆறு..."

இன்னும் மெதுவாக.

"ஏ...ழு..."

ஒரு மூச்சு. உள்ளே போனது.

வெளியே வரவில்லை.

லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கி ஓடினார் அத்தான்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அந்தப் பெண்ணை வேறு சீட்டுக்கு மாற்றினார். 'பதினோராம் சீட்டில் ஒயர் சொருகும் போர்ட் பழுது' என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு புகார் வரவில்லை. அவள் வேலையும் தப்பியது. ஆனால் அவருக்குத்தான் மனம் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து வாட்ச்மேனிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். தான் கேட்டதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

"இந்த பில்டிங் முன்னாடி என்னவா இருந்துச்சு?"

"ஆஸ்பத்திரி சார். அப்ப நான் இங்க ஸ்ட்ரெச்சர் தள்ளுற ஆளு."

"நம்ம மாடியில?"

"ஆபரேஷன் தியேட்டர். மயக்க ஊசி போட்டுட்டுப் பத்து வரைக்கும் எண்ணச் சொல்லுவாங்க."

வாட்ச்மேன் மாடிப் பக்கம் கையைக் காட்டினார்.

"ஒரு பொண்ணு, நான்தான் உள்ள கொண்டுபோய் விட்டேன். ஏழு வரைக்கும் காதுல விழுந்துச்சு. அப்புறம் கண்ணே திறக்கலை சார்."