கத்திரியக்கா நிமிர்த்திய கோடு

“நேரா ஒரு கோடு போட இந்த உலகத்துல ஒருத்தனுக்கும் துப்பில்ல!”

சுவரில் அலமாரி மாட்டியவன், தெருவில் வெள்ளைக்கோடு இழுத்தவன், மகளுக்கு வகிடெடுத்த தங்கை, எல்லாரும் இந்த ஏச்சை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஏசுகிறவள் தையற்காரி. கையைவிட நாக்கு வேகமாக வெட்டும் என்பதால் அவளுக்குக் கத்திரியக்கா என்றே பெயர்.

இடது மார்பிலிருந்த புற்றுக்கட்டியை அறுத்தெடுத்த பிறகு, மிச்சம் மீதி முளைக்காமலிருக்கக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் ஒரு ஸ்கேன். குளிர்ந்த அறையில், கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வைத்தான் டெக்னீஷியன். “அசையாதீங்கம்மா... மூச்சச் சாதாரணமா விடுங்கம்மா...” ரயில் வருகிறது என்று அறிவிக்கிற அதே குரல். சுவரிலிருந்து விழுந்த சிவப்பு ஒளிக்கோட்டின் மேலேயே பேனாவால் அவள் தோலில் கோடு போட்டான். போடும்போதே, “மத்தியானம் என்ன வாங்கப்போற?” என்று பக்கத்து அறைக்காரனிடம் விசாரணை வேறு. அவள் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. “அழிஞ்சிடாமப் பாத்துக்கோங்கம்மா” என்றதோடு சரி.

வீட்டுக்கு வந்து, தங்கை பிடித்த கண்ணாடி முன் நின்றாள். கோடு விலாப்பக்கம் கோணிக்கொண்டு இறங்கியது. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

“பாருடி! சோத்து நெனப்புல போட்ட கோடு!”

“அவங்க போட்டத நாம தொடலாமாக்கா?” என்றாள் தங்கை.

“உன்ன யோசனையா கேட்டேன்? கண்ணாடியத்தான பிடிக்கச் சொன்னேன்!”

பழைய கோட்டைத் துடைத்தாள். ஸ்கேலை வைத்துப் புதிதாக ஒன்று இழுத்தாள். நூல் பிடித்தாற்போல் நின்றது.

சிகிச்சையின் முதல் நாள் மேசையில் படுத்துக் கையைத் தூக்கினாள். சிவப்பு ஒளி ஓரிடம், அவள் கோடு வேறிடம். ரயில் குரல் தடம் புரண்டது.

“யாரும்மா இதத் தொட்டது? இத நம்பிக் குடுத்தா கதிர் இருதயத்துல போய்ப் படும்! இன்னிக்கு முடியாது. திரும்ப ஸ்கேன் எடுக்கணும், திரும்பக் கணக்குப் போடணும், அடுத்த வாரந்தான்!”

அடுத்த வாரமா? அதற்குள் உள்ளே ஏதாவது முளைத்துவிட்டால்? தூக்கிய கையைப் பார்த்தாள். கையோடு தோலும் மேலே ஏறியிருந்தது. கையைத் தொங்கவிட்டு நின்றபடி பார்த்ததால்தான் அன்று அது கோணலாகத் தெரிந்திருக்கிறது. கை தூக்கினால் ரவிக்கை எங்கே ஏறும் என்று பாராமல் தைத்தவர்களை எத்தனை முறை கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாள்! ஆத்திரம் அவள் பக்கமே திரும்பியது. ஆனால் பாதிதான்.

“நீங்க என்ன டெய்லராம்மா, கோடு திருத்த?” என்றான் அவன்.

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“ஆமாய்யா, டெய்லர்தான். அழிச்சது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அஞ்சு காசு பெறாத துணியில கோடு போடறதுக்கு முன்னாடிகூட நான் ஆள் மூஞ்சியப் பாத்து, இறுக்கமா வேணுமா தளர்வா வேணுமான்னு கேப்பேன். நீ உயிரோட இருக்கறவ மேல, சோத்துக் கதை பேசிக்கிட்டே இழுத்துட்டுப் போன. இந்தத் தடவ என் மூஞ்சியப் பாத்து, எந்தக் கோடு எதுக்குன்னு சொல்லிட்டுப் போடு. அப்புறம் அது பாம்பு மாதிரி நெளிஞ்சாலும் நான் தொட்டா ஏன்னு கேளு!”